பின்னல் ஊசித் தெரிவு

பின்னல் ஊசி என்பது கைப்பின்னலில் நூலைக் கண்ணிகளாக வளைத்துத் தாங்கி நிற்கும் மெல்லிய நீண்ட கோல் ஆகும். தையல் ஊசியைப் போல இதற்குக் காது கிடையாது. நூலைக் கோத்து இழுப்பது இதன் வேலையன்று. ஏற்கெனவே உள்ள கண்ணியினுள் முனையை நுழைத்து, நூலை அதன் மேல் சுற்றி, புதிய கண்ணி ஒன்றை வெளியே இழுப்பதே பின்னலின் அடிப்படைச் செயலாகும். ஒவ்வொரு புதிய கண்ணியும் ஊசியின் தண்டைச் சுற்றியே உருவாவதால், தண்டின் பருமன் கண்ணியின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே கம்பளிச் சட்டையோ, காலுறையோ, குழந்தையின் தொப்பியோ எதுவாயினும், எந்த ஊசியால் பின்னுவது என்பது வேலையைத் தொடங்குமுன் எடுக்கவேண்டிய முதன்மையான முடிவாகும்.

பின்னல் குறிப்புகளில் ஊசியின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். புதிதாகப் பழகுவோர் பலர் அதனை மீறக்கூடாத கட்டளையாகக் கொள்கின்றனர். உண்மையில் அது, குறிப்பை எழுதியவரின் கைக்குப் பொருந்திய ஊசி மட்டுமே. நூலை இறுக்கிப் பிடிப்பவரும் தளர விடுவோரும் ஒரே ஊசியால், ஒரே நூலைக் கொண்டு பின்னினாலும் இரு வேறு அளவுள்ள துணிகளே கிடைக்கும். குறிப்பில் தவறாமல் எட்டவேண்டியது கண்ணிச் செறிவு ஆகும். ஊசியின் அளவு அதனை எட்டுவதற்கான வழி.

கண்ணிச் செறிவு

குறிப்பிட்ட நீளத்தில் அமையும் கண்ணிகளின் எண்ணிக்கை கண்ணிச் செறிவு எனப்படும். தற்காலக் குறிப்புகளில் இது பெரும்பாலும் 10 செ.மீ அகலத்துக்கு இத்தனை கண்ணிகள், 10 செ.மீ உயரத்துக்கு இத்தனை வரிசைகள் எனத் தரப்படுகிறது. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் இதற்கு நெருங்கிய கருத்து ஒன்று உண்டு. அங்கே எந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசிகள் உள்ளன என்பதே அதன் அளவு. எந்திரத்தில் இந்த எண்ணிக்கை உருக்கினால் நிலைநிறுத்தப்பட்டுள்ளது. கைப்பின்னலில் அதனை நிலைநிறுத்த வேண்டியவை கையும் ஊசியுமே.

செறிவில் நேரும் சிறு பிழை ஆடையில் எவ்வளவு பெரிதாகும் என்பதை எளிய கணக்கொன்றால் அறியலாம். 10 செ.மீட்டருக்கு 22 கண்ணிகள் எனக் கூறும் குறிப்பில், மார்புச் சுற்றளவு 100 செ.மீ வருவதற்கு 220 கண்ணிகள் ஏற்றப்படும். பின்னுபவரின் கை சற்று இறுகி 24 கண்ணிகள் விழுந்தால், அதே 220 கண்ணிகள் ஏறத்தாழ 92 செ.மீ மட்டுமே தரும். சட்டை உடலில் ஏறாது. கை தளர்ந்து 20 கண்ணிகள் விழுந்தால் 110 செ.மீ ஆகிவிடும். 10 செ.மீட்டரில் இரண்டு கண்ணி வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஆனால் பல வார உழைப்பு அதனால் வீணாகக் கூடும்.

செறிவு கூடுதலாக இருந்தால் (அதாவது கண்ணிகள் சிறியனவாக விழுந்தால்) பருத்த ஊசிக்கும், குறைவாக இருந்தால் மெல்லிய ஊசிக்கும் மாறவேண்டும். கையை வலிந்து இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய முயல்வது பயன் தராது. சில வரிசைகளுக்குப் பின் கை தன் இயல்புக்குத் திரும்பிவிடும். துணியின் ஒரு பகுதி இறுகியும் மறுபகுதி தளர்ந்தும் நிற்கும்.

புதியவர்களிடம் காணப்படும் மற்றொரு பழக்கமும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஊசியின் முனை கூம்பி மெலிந்திருக்கும். கண்ணியை முழுத் தண்டுக்குத் தள்ளாமல் கூம்பிய முனையிலேயே இறுக்கி முடித்தால், 4 மி.மீ ஊசியைக் கையில் வைத்திருந்தாலும் உருவாகும் கண்ணி அதனினும் மெல்லிய ஊசியின் கண்ணியாகவே இருக்கும். அடுத்த வரிசையில் அதனுள் முனையை நுழைப்பதும் கடினம். இவ்வாறான நேரங்களில் ஊசியை மாற்றுவதற்கு முன் பழக்கத்தை மாற்றுவதே முறை.

மாதிரித் துண்டு

தெரிந்தெடுத்த ஊசி சரியானதா என்பதை அறிவதற்குச் சிறு சதுரத் துண்டு ஒன்றைப் பின்னி அளப்பது வழக்கம். ஓரக் கண்ணிகள் இழுபட்டு உருக்குலைவதால், 10 செ.மீ அளக்கவேண்டுமாயின் துண்டு 15 செ.மீ அளவாவது இருத்தல் நன்று. உண்மையான ஆடையில் வரும் அதே பின்னல் வகையிலேயே துண்டையும் பின்னவேண்டும். இரு நிற நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் சித்திரப் பின்னலில், துணியின் பின்புறம் ஓடும் நூல் துணியை உள்ளிழுப்பதால் செறிவு கூடும். இதனால் பலர் அப்பகுதிக்கு மட்டும் சற்றுப் பருத்த ஊசியைப் பயன்படுத்துகின்றனர்.

துண்டைக் கழுவி உலர்த்திய பின்னரே அளக்கவேண்டும். சுருங்காதவாறு பதப்படுத்தப்பட்ட கம்பளி நூல்கள் நனைந்ததும் நீளும் இயல்புடையவை. பருத்தி நூல் தன் எடையாலேயே கீழ்நோக்கித் தொங்கும். ஊசியிலிருந்து இறக்கிய உடனே எடுத்த அளவு, ஒரு முறை துவைத்த சட்டைக்குப் பொருந்தாது.

வட்டமாகப் பின்னப்போகும் ஆடைக்கு மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்னுவது நல்லது. தட்டையாகப் பின்னும்போது ஒரு வரிசை துணியின் முன்பக்கத்திலிருந்தும் அடுத்தது பின்பக்கத்திலிருந்தும் வருகின்றது. பலருடைய கையில் பின்பக்க வரிசை சற்றுத் தளர்ந்தே விழும். வட்டப் பின்னலில் பின்பக்க வரிசையே இல்லாததால் செறிவு மாறிவிடுகிறது. தட்டையாகப் பின்னும்போது இவ்வேறுபாடு மிகுதியாயின், முன்பக்க வரிசைக்கு ஓர் ஊசியும் பின்பக்க வரிசைக்கு அதனினும் மெல்லிய ஊசியுமாக இரு வேறு ஊசிகளைப் பயன்படுத்துவோரும் உளர்.

அளவு எண்களின் குழப்பம்

ஊசியின் அளவு என்பது தண்டின் விட்டத்தைக் குறிக்கும். இதனை மில்லிமீட்டரில் கூறினால் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் நாட்டுக்கு நாடு வேறுபடும் எண்களும் வழக்கில் உள்ளன. "8 ஆம் எண் ஊசி" எனும்போது பழைய பிரித்தானிய முறையில் அது 4 மி.மீ, அமெரிக்க முறையில் 5 மி.மீ, ஜப்பானிய முறையில் 4.5 மி.மீ ஆகும். ஓர் அமெரிக்கக் குறிப்பை இந்தியாவில் வாங்கிய 8 ஆம் எண் ஊசியால் பின்னினால், குறிப்பு கேட்பதைவிட ஒரு மில்லிமீட்டர் மெலிந்த ஊசியால் பின்னியதாக முடியும்.

பழைய பிரித்தானிய முறையில் எண் கூடக் கூட ஊசி மெலிகிறது. இது கம்பித் தொழிலிலிருந்து வந்த வழக்கம். அத்தொழிலில் உலோகக் கம்பியை மேலும் மேலும் சிறிய துளைகளின் வழியே இழுத்து மெலியச் செய்வர். கூடுதலான துளைகளைக் கடந்த கம்பிக்குக் கூடுதலான எண் வழங்கப்பட்டது. பிரித்தானியாவில் 1884 ஆம் ஆண்டு சட்டப்படி நடைமுறைக்கு வந்த கம்பி அளவில் 10 ஆம் எண் 3.25 மி.மீட்டரும், 8 ஆம் எண் ஏறத்தாழ 4.06 மி.மீட்டரும் ஆகும். பின்னல் ஊசியின் பழைய எண்கள் இவற்றைப் பெரிதும் ஒத்திருப்பதைக் காணலாம். அமெரிக்க முறையிலும் ஜப்பானிய முறையிலும் எண் கூட ஊசி பருக்கிறது. ஜப்பானிய முறை 0 ஆம் எண்ணை 2.1 மி.மீ எனக் கொண்டு எண்ணுக்கு 0.3 மி.மீ வீதம் ஏறும் ஒழுங்கான முறையாகும்.

அடிக்கடி தேவைப்படும் அளவுகள் சில:

2.25 மி.மீ – பிரித்தானிய எண் 13 – அமெரிக்க எண் 1
2.75 மி.மீ – பிரித்தானிய எண் 12 – அமெரிக்க எண் 2
3.25 மி.மீ – பிரித்தானிய எண் 10 – அமெரிக்க எண் 3
3.75 மி.மீ – பிரித்தானிய எண் 9 – அமெரிக்க எண் 5
4.0 மி.மீ – பிரித்தானிய எண் 8 – அமெரிக்க எண் 6
4.5 மி.மீ – பிரித்தானிய எண் 7 – அமெரிக்க எண் 7
5.0 மி.மீ – பிரித்தானிய எண் 6 – அமெரிக்க எண் 8
6.0 மி.மீ – பிரித்தானிய எண் 4 – அமெரிக்க எண் 10
8.0 மி.மீ – பிரித்தானிய எண் 0 – அமெரிக்க எண் 11

ஏறுவரிசையும் இறங்குவரிசையும் சந்திக்கும் 7 ஆம் எண் மட்டுமே இரு முறைகளிலும் ஒன்றாக இருப்பதைக் கவனிக்கலாம்.

ஐக்கிய இராச்சியத்தில் இன்று மில்லிமீட்டரே வழக்கில் உள்ளது. இந்தியாவில் பழைய பிரித்தானிய எண்ணைச் சொல்லி ஊசி கேட்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இந்தியாவின் பின்னல் ஊசி உற்பத்தியில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. 1949 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நீடில் இண்டஸ்ட்ரீஸ் (இந்தியா) நிறுவனத்தின் தொழிற்சாலை நீலகிரி மாவட்டத்தின் கேத்தியில் அமைந்துள்ளது. "போனி" என்னும் பெயரில் விற்கப்படும் பின்னல் ஊசிகள் இந்நிறுவனத்தினுடையவை.

நூலும் ஊசியும்

நூலின் பருமனே ஊசித் தெரிவின் தொடக்கப் புள்ளியாகும். நூற்கண்டைச் சுற்றியுள்ள தாளில் பரிந்துரைக்கப்பட்ட ஊசியளவும் செறிவும் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக, காலுறைக்குரிய மெல்லிய நூலுக்கு 2.25 முதல் 3.25 மி.மீ வரையும், இலகுவான சட்டைகளுக்குரிய நடுத்தர நூலுக்கு 4 மி.மீ அளவிலும், தடித்த நூலுக்கு 5.5 மி.மீட்டரும் அதற்கு மேலும் பொருந்தும். "நான்கு புரி" போன்ற பெயர்களை மட்டும் நம்புதல் கூடாது. புரி என்பது முறுக்கப்பட்ட இழைகளின் எண்ணிக்கை. இழை பருத்திருந்தால் இரண்டு புரி நூலும் தடித்ததாக இருக்கும்.

தாளில் உள்ள அளவு நடுத்தரமான துணிக்கு உரியது. விரும்பும் துணி அவ்வாறானது அல்லவெனில் அவ்வளவிலிருந்து விலகுவதே சரி. இதற்குப் பிரித்தானியத் தீவுகளின் இரு மரபுகள் நல்ல எடுத்துக்காட்டுகள். இங்கிலாந்து, இசுக்கொட்லாந்துக் கரையோர மீனவர்கள் அணிந்த "கேன்சி" என்னும் மேற்சட்டை, ஐந்து புரிக் கம்பளி நூலால், அந்நூலுக்கு வழக்கமானதைவிட மெல்லிய உருக்கு ஊசிகளைக் கொண்டு மிக இறுக்கமாகப் பின்னப்பட்டது. கடற்காற்றும் நீர்த்திவலையும் எளிதில் ஊடுருவாத துணி அவர்களுக்குத் தேவைப்பட்டது. மாறாக, செத்லாந்துத் தீவுகளின் சரிகைச் சால்வைகள் மயிரிழை போன்ற நூலை அதற்கு மிஞ்சிய பருமனுள்ள ஊசியில் பின்னி உருவாக்கப்படுபவை. துளைகள் விரிந்து பூவேலைப்பாடு தெரியவேண்டும் என்பதே அதன் நோக்கம். அவற்றுள் மிக நுண்ணியவை ஒரு திருமண மோதிரத்தினூடாக இழுக்கத்தக்க அளவு மென்மையானவை. கேன்சியையும் சால்வையையும் ஊசி மாற்றிப் பின்னியிருந்தால், மீனவர் குளிரில் நடுங்கியிருப்பார். சால்வை சாக்குத் துணியாகியிருக்கும்.

அன்றாடப் பொருட்களுக்கும் இதே முறை பொருந்தும். காலுறையின் குதிகால் விரைவில் தேய்வதால் அதற்கு இறுக்கமான துணி வேண்டும். கழுத்துத் துண்டு மடிந்து வழிய வேண்டுமாகையால் நூலுக்குரிய ஊசியைவிட ஓரளவு பருத்ததைக் கொள்ளலாம். பிறந்த குழந்தைக்கான உடைகளில் பெரிய துளைகள் விழும் பின்னல் தவிர்க்கப்படவேண்டும். குழந்தையின் விரல்கள் அவற்றில் சிக்கிக்கொள்ளக் கூடும். மூன்று அல்லது நான்கு புரிக் குழந்தை நூலுக்கு இந்தியாவில் பெரும்பாலும் 10, 11 ஆம் எண் ஊசிகள் (3.25, 3 மி.மீ) பயன்படுகின்றன.

ஒரே ஆடையில் ஒரே ஊசிதான் என்ற விதியும் இல்லை. கீழ் விளிம்பு, மணிக்கட்டு, கழுத்து ஆகியவற்றின் இழுபடும் பட்டைகள், உடற்பகுதியைவிட அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் மெலிந்த ஊசியால் பின்னப்படுகின்றன. தொடக்கத்தில் கண்ணி ஏற்றும்போதும் முடிவில் கண்ணிகளை மூடும்போதும் கை இறுகுவோர் அவ்விரு வரிசைகளுக்கு மட்டும் பருத்த ஊசியைக் கொள்ளலாம். தலையில் நுழையாத கழுத்துப் பட்டைகள் பலவற்றுக்குக் காரணம் மூடும் வரிசையின் இறுக்கமே.

ஊசியின் வடிவம்

ஒரு முனையில் கூர்மையும் மறுமுனையில் குமிழும் கொண்ட நேர் ஊசிகள் இணையாக விற்கப்படுகின்றன. தட்டையான துண்டுகளைப் பின்ன இவை போதுமானவை. போர்வை போன்ற அகலமான வேலையில் துணியின் எடை முழுவதும் ஊசியின் நுனியில் தொங்குவதால் மணிக்கட்டு நோகும். அவ்வேலைக்கு, இரு குறுகிய ஊசிகள் வளையும் கம்பியொன்றால் இணைக்கப்பட்ட வட்ட ஊசியே சிறந்தது. பெயரில் வட்டம் இருந்தாலும் அதைக் கொண்டு தட்டையாகவும் பின்னலாம். துணி கம்பியில் தங்கி மடியில் கிடக்கும். கைகளுக்குச் சுமை குறையும். மூட்டுவலி உள்ளோர் பலர் இதனையே விரும்புகின்றனர். அமெரிக்காவில் வாழ்ந்த ஆங்கிலேயரான எலிசபெத் சிம்மர்மன் (1910–1999), தைத்து இணைக்கத் தேவையில்லாத சட்டைகளை வட்ட ஊசியில் பின்னும் முறையைத் தம் நூல்களாலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளாலும் பரப்பினார்.

வட்டமாகப் பின்னும்போது ஊசியின் நீளம் இன்றியமையாதது. வட்ட ஊசியின் நீளம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளக்கப்படுகிறது. அது பின்னப்படும் பொருளின் சுற்றளவைவிடக் குறைவாக இருக்கவேண்டும்; இல்லையேல் கண்ணிகள் இழுபட்டும் முனைகளை எட்டமாட்டா. 50 செ.மீ சுற்றளவுள்ள தொப்பிக்கு 40 செ.மீ ஊசியும், 100 செ.மீ சட்டைக்கு 80 செ.மீ ஊசியும் பொருந்தும். கண்ணிகள் நெருங்கி நிற்பதில் தவறில்லை என்பதால், ஐயம் எழும்போது குறுகியதையே தெரிவு செய்யலாம்.

காலுறை, கையுறை, தொப்பியின் உச்சி போன்ற சிறு வட்டங்களுக்கு இருபுறமும் கூரிய இருமுனை ஊசிகள் நான்கு அல்லது ஐந்து கொண்ட தொகுதி தேவை. இது மிகப் பழைய முறையாகும். செருமனியின் புக்சுடெகூடே பலிபீடத்துக்காக 1400 ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட ஓவியம் ஒன்றில், மரியாள் இத்தகைய ஊசிகளால் தையலற்ற சிறு ஆடையொன்றைப் பின்னிக்கொண்டிருப்பதைக் காணலாம். இன்று நீண்ட கம்பியுள்ள வட்ட ஊசி ஒன்றைக் கொண்டே, கம்பியை இடையில் கண்ணியாக வெளியே இழுத்துவிட்டு, சிறு வட்டங்களைப் பின்னும் முறையும் பரவலாக உள்ளது. ஊசி நழுவி விழுந்து கண்ணிகள் அவிழும் அச்சம் இம்முறையில் இல்லை.

ஊசியின் பொருள்

அலுமினியம், உருக்கு, முலாம் பூசிய பித்தளை, மரம், மூங்கில், நெகிழி, கரிமநார் ஆகியவற்றால் ஊசிகள் செய்யப்படுகின்றன. முற்காலத்தில் எலும்பும் தந்தமும் பயன்பட்டன. நூலுக்கும் ஊசிக்கும் இடையிலான உராய்வே இத்தெரிவில் கருதவேண்டியது. வழுக்கும் நூலுக்கு வழுக்காத ஊசியும், பற்றும் நூலுக்கு வழுக்கும் ஊசியும் கொள்வது பொதுவான முறை. பட்டு, பளபளப்பேற்றிய பருத்தி போன்றவை உலோகத்தில் தாமாகவே நழுவும்; அவற்றை மூங்கில் தடுத்து நிறுத்தும். மயிர் சிலிர்த்த கம்பளி மூங்கிலில் ஒட்டிக்கொள்ளும். உலோகத்தில் எளிதாக நகரும். கற்றுக்கொள்ளத் தொடங்குவோருக்கு மரமோ மூங்கிலோ நல்லது. கண்ணி தவறி இறங்குவது அவற்றில் குறைவு.

மெல்லிய அளவுகளில் மூங்கில் எளிதில் முறியும், 2 மி.மீ அளவில் உலோகமே நம்பத்தக்கது. முலாம் பூசாத உருக்கு ஊசிகள் வியர்வை படும் கைகளில் துருப்பிடித்து நூலைக் கறையாக்கும். நிக்கல் முலாம் சிலரின் தோலுக்கு ஒவ்வாமை தரும். கருநிற நூலுக்கு வெளிர்நிற ஊசியைக் கொண்டால் கண்ணிகள் தெளிவாகத் தெரியும். மின்தடை மிகுந்த மாலைகளில் பின்னுவோருக்கு இது சிறு செய்தியன்று.

முனையின் கூர்மையையும் பார்க்கவேண்டும். சரிகைப் பின்னலில் இரண்டு மூன்று கண்ணிகளை ஒருசேர எடுக்கவேண்டியிருப்பதால் நீண்ட கூரிய முனை உதவும். தளர்வாக முறுக்கப்பட்ட நூலில் அதே கூர்மை இழைகளைப் பிளந்துவிடும். அதற்கு மழுங்கிய முனை ஏற்றது.

பாதி வேலையில் ஊசியின் பொருளை மாற்றுவது ஆபத்தானது. 4 மி.மீ மூங்கிலில் தொடங்கிய சட்டையை 4 மி.மீ அலுமினியத்தில் தொடர்ந்தால், விட்டம் ஒன்றாக இருந்தும் நூல் நழுவும் வேகம் மாறுவதால் செறிவு மாறக்கூடும். ஊசி தொலைந்து மாற்ற நேர்ந்தால் புதிய ஊசியில் மீண்டும் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பது நலம்.

எண் அழிந்த ஊசிகள்

பழைய ஊசிகளில் எண் தேய்ந்து மறைந்திருக்கும். இருமுனை ஊசிகள் பலவற்றில் எண் பொறிக்கப்படுவதே இல்லை. இவற்றை அறிவதற்கு அளவிட்ட துளைகள் கொண்ட சிறு தகடு கடைகளில் கிடைக்கிறது. ஊசியின் முனை மட்டுமன்றித் தண்டும் தடையின்றிச் செல்லும் துளைகளுள் மிகச் சிறியது எதுவோ அதுவே ஊசியின் அளவு. பாட்டியிடமிருந்து வந்த பழைய அளவுத் தகடாயின் அதில் பழைய பிரித்தானிய எண்களே இருக்கக்கூடும்; அதனை மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுக் கொள்ளவேண்டும். தகடு இல்லையெனில் நகர்வு அளவியால் தண்டின் நடுப்பகுதியை அளக்கலாம். 3 மி.மீட்டருக்கும் 3.25 மி.மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரண அளவுகோலால் காண இயலாது.